முன்னால் போகும் சாமான் வண்டி

ஒரே வாரத்தில் நாற்பத்தொரு பைகளை மூன்று முறை கட்டி மூன்று முறை அவிழ்த்த மனிதரிடம் போய் எதைப் பற்றியும் தெளிவான பதிலை எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனால் அந்த வாரம் எல்லோரும் சாவியிடம்தான் கேட்டார்கள். பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் கேட்டார். முடிவெட்டுகிறவர் கத்தரியைக் காதோரத்தில் நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அணி போகுதா, போகலையா?"

"தெரியலைங்க."

"உள்ள இருக்கற ஆளு, உங்களுக்குத் தெரியாமலா?" என்று சொல்லி, கோபத்தில் கிருதாவை ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமாகவே எடுத்துவிட்டார்.

சாவி என்பது அணி வைத்த பெயர். இடுப்பில் ஒரு வளையம், அதில் நாற்பதுக்கு மேல் சின்னச் சாவிகள். அவர் நடந்து வருவது பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிடும். தேசிய கிரிக்கெட் அணியின் சாமான்களுக்கு அவர் இருபத்திரண்டு வருடமாகப் பொறுப்பு. மட்டை, பேடு, கையுறை, தலைக்கவசம், பயிற்சிப் பந்து மூட்டை, ஐஸ் பெட்டி எல்லாம் அவர் கையில். வேலையில் கெட்டிக்காரர் என்று சும்மா சொல்வதைவிட, அவர் காய்ச்சலில் படுத்த இரண்டு நாளில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுவது நல்லது. வேகப்பந்து வீச்சாளர் ஒருவர் பையைத் திறந்தபோது உள்ளே இரண்டு ஷூ இருந்தது, இரண்டும் இடது கால். வலது கால்கள் இரண்டும் இன்னொருவர் பையில், அவரோ ஏற்கெனவே களத்தில்.

சாவியின் வேலைமுறை ஒன்றை மட்டும் இங்கே விளக்கியாக வேண்டும், ஏனென்றால் இந்தக் கதை முழுக்க அதில்தான் நிற்கிறது. ஆட்ட நாள்களில் வீரர்களின் பேருந்து ஹோட்டலை விட்டுக் கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே சாமான் வண்டி கிளம்பிவிடும். வண்டியில் டிரைவர், சாவி, பைகள். வீரர்கள் டிரெஸ்ஸிங் ரூமுக்குள் நுழையும்போது அவரவர் இடத்தில் அவரவர் பை திறந்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். தொடக்க ஆட்டக்காரர் ஜன்னலோரம். அவருக்கு நேர் எதிரே யாரும் உட்காரக் கூடாது. பந்து வீச்சாளர்கள் மசாஜ் மேசைக்குப் பக்கத்தில். ஈரமான கையுறைகள் காற்று வரும் இடத்தில், ஆனால் வெயில் படாமல். மைதானத்தின் கேட்டைத் தாண்டியதும் சாவி ஹோட்டலுக்கு ஒரு போன் போடுவார். ஒரே வார்த்தைதான் சொல்வார்: "வந்தாச்சு." அதற்குப் பிறகுதான் பேருந்து கிளம்பும்.

இனி அந்த வாரத்துக் குழப்பம்.

அணி அடுத்த மாதம் ஒரு வெளிநாட்டுக்குப் போவதாக இருந்தது. அங்கே மைதானத்திலிருந்து மூன்று தெரு தள்ளி இருந்த பேருந்து நிலையத்தில் ஒரு குண்டு வெடித்தது. கிரிக்கெட் வாரியம் தன் பாதுகாப்பு அதிகாரியை, ஓய்வு பெற்ற ஒரு போலீஸ்காரரை, அனுப்பியது. அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார். அறிக்கையைக் காட்டுங்கள் என்றது வீரர்கள் சங்கம். அது ரகசியம் என்றது வாரியம். எங்கள் உயிர் பற்றிய ரகசியம் எங்களுக்கே தெரியக் கூடாதா என்றது சங்கம். நாங்களே ஓர் ஆளை அனுப்பிப் பார்ப்போம், பேருந்துக்குக் குண்டு துளைக்காத கண்ணாடி வேண்டும், ஹோட்டலில் ஒரு மாடி முழுக்க வேண்டும், பாதியில் பயந்து திரும்பினால் யாரையும் தண்டிக்கக் கூடாது என்று இருபத்தேழு பிரிவுகளோடு ஒரு கோரிக்கை எழுதியது. அதில் வாரியம் கையெழுத்துப் போடாதவரை விமானம் ஏற மாட்டோம் என்று வீரர்கள் சொல்லிவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலையில் வாரியத்தின் மேனேஜர் போனில் வந்தார். "என்னப்பா, பையெல்லாம் கட்டிட்டியா? அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை சரக்கு விமானத்துல ஏத்தணும்."

சாவி கட்டினார்.

மத்தியானம் சங்கத்தின் செயலாளர் போனில் வந்தார். அவர் ஒரு காலத்தில் அணியின் விக்கெட் கீப்பர். ஆட்டத்தை விட்டு ஆறு வருடம் ஆகியும் எல்லோருக்கும் கீப்பர்தான். "அண்ணே, பை கட்டிட்டீங்களாமே? ஸ்டோர் வாசல்ல ஒரு போட்டோக்காரன் நிக்கறான். கட்டின பையைப் படம் எடுத்துப் போட்டான்னா, நாங்க ஒத்துக்கிட்டோம்னு ஆயிடும். அவுத்துடுங்க."

சாவி அவிழ்த்தார்.

செவ்வாயும் அப்படியே போனது. புதன்கிழமை அவர் ஒரு நடுவழி கண்டுபிடித்தார். எல்லாவற்றையும் உள்ளே அடுக்கி, ஜிப்பை மட்டும் போடாமல் விட்டார். மேனேஜர் வந்து பார்த்து, "இது என்ன, கட்டினதா கட்டாததா?" என்றார்.

"ரெண்டுமே சார்."

"ரெண்டும் எப்படிப்பா ஆகும்?"

அது நல்ல கேள்விதான். அன்று சாயங்காலம் அதையும் அவிழ்க்க வேண்டி வந்தது.

வியாழக்கிழமை கீப்பர் அவரைச் சங்க அலுவலகத்துக்கு வரச் சொன்னார். ஒரு பேட்டரிக் கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறை. படியேறும்போதே அமில வாசனை மூக்கைப் பிடிக்கும். பைகளின் எண்ணிக்கை, எடை, வண்டியின் நீளம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்ட கீப்பர், கோரிக்கையின் பிரதி ஒன்றைச் சாவியின் கையில் கொடுத்தார். "சாமான் விஷயத்துல ஏதாவது விட்டுப் போயிருக்கான்னு வீட்டுல வச்சு ஒரு பார்வை பாத்துடுங்க. நமக்குள்ள இருக்கட்டும்."

மறுநாள் காலை சாவி அதைச் சாப்பாட்டு மேசையில் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் மனைவி கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு பக்கத்தையும் விரல் வைத்துப் படித்துக்கொண்டு வந்த சாவி ஏழாம் பக்கத்தில் சட்டென்று நிமிர்ந்தார்.

"இங்க பாரு, நம்ம வண்டி வந்திருக்கு."

"எங்க?"

"இருபத்து மூணாவது பிரிவு. இத்தனை வருஷத்துல முதல் தடவையா தாள்ல ஏறியிருக்கு."

உண்மையாகவே அவருக்குச் சந்தோஷம். கேப்டன் பெயரே அந்தத் தாளில் இல்லை. வண்டி இருந்தது. வாய்விட்டுப் படித்தார்: "முன்செல்லும் சாமான் வாகனம் தடையின்றி மைதானம் சேர்ந்தது தொலைபேசியில் உறுதி செய்யப்பட்ட பின்னரே வீரர்களின் பேருந்து விடுதியை விட்டுப் புறப்படும். உறுதி கிடைக்காவிடில் பேருந்து புறப்படாது."

மனைவி கைப்பையைத் தோளில் மாட்டியவள் அப்படியே நின்றாள். "இன்னொரு தடவை படிங்க."

படித்தார்.

"உறுதி கிடைக்காவிடில்னா என்னங்க அர்த்தம்?"

"நான் போன் பண்ணலைன்னா."

"நீங்க எப்ப போன் பண்ணாம இருப்பீங்க?"

"மறந்து போனாத்தான்."

"மறந்திருக்கீங்களா?"

"இதுவரைக்கும் ஒரு நாள்கூட இல்ல," என்றார் பெருமையாக.

"அப்ப?"

சாவி யோசித்தார். "போன்ல சார்ஜ் இறங்கிப் போனா..." என்று ஆரம்பித்தவர் அதை முடிக்கவில்லை. மனைவி மாட்டிய பையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். கடைக்குப் போன் செய்து ஒரு மணி நேரம் தாமதமாக வருகிறேன் என்றாள். அவள் பாத்திரம் கழுவினாள். அவர் அந்த இரண்டு வாக்கியங்களையும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார், எழுத்து ஏதாவது இடம் மாறி உட்காருமா என்று பார்ப்பதுபோல.

"கூட வர்ற போலீஸ் எஸ்கார்ட் ஜீப் உங்க வண்டிக்கு உண்டா?" என்று மட்டும் ஒரு முறை கேட்டாள்.

"அது பஸ்ஸுக்குத்தான்."

"கண்ணாடி?"

"அதுவும் பஸ்ஸுக்கு."

"உங்க வண்டிக்கு என்ன?"

"ஜன்னல்ல ஸ்டிக்கர் ஒட்டுவாங்க," என்றார் சாவி. சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று அவருக்கே தெரிந்தது.

கோபம் வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். சாவிக்கு வந்தது கோபம் இல்லை. ஒருவரைப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்றால், பயன்படுத்தியவர் என்று யாராவது இருக்க வேண்டும். அப்படி ஒருவரையும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. கீப்பரை அவருக்குத் தெரியும். பத்து வருடம் கீப்பரின் கையுறையை உலர்த்தியவர் சாவி. சாவியின் மாமனார் இறந்தபோது ஆட்டம் முடிந்த கையோடு அழுக்குச் சட்டையிலேயே வந்து நின்ற மனிதர் கீப்பர். அவரா இப்படி எழுதுவார்? எழுதியிருக்கிறாரே. அப்படியானால் தான் நினைத்த கீப்பர் யார், எழுதிய கீப்பர் யார்?

அதே மத்தியானம் மறுபடி அந்த மாடிப்படி ஏறினார். கீப்பர் உள்ளே தனியாக இருந்தார். பந்து பட்டு வளைந்துபோன சுண்டுவிரலால் ஸ்டேப்ளரைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"இருபத்து மூணாவது பிரிவை யார் எழுதினது தம்பி?"

"ஏன், தப்பா இருக்கா?"

"தப்பு இருக்கான்னு தெரியல. யார் எழுதினதுன்னு தெரிஞ்சா நல்லாருக்கும்."

கீப்பர் தாளை எடுத்துப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். "யாரும் எழுதலண்ணே. இப்ப என்னெல்லாம் பாதுகாப்பு நடைமுறைல இருக்குன்னு வீரர்களைக் கேட்டோம். ஒவ்வொருத்தரும் சொன்னதை அப்படியே போட்டோம். நாலஞ்சு பேர் இதைச் சொன்னாங்க."

"இது நடைமுறைல இருக்கா?"

"நீங்கதானே ஆரம்பிச்சீங்க."

"நானா?"

"மறந்துட்டீங்களா? ஒம்பது வருஷம் முன்னாடி, அந்த வேலைநிறுத்தம் நடந்த ஊர்ல. பாலத்துக்குக் கீழ கூட்டம் மறிச்சு உங்க வண்டிக் கண்ணாடியை உடைச்சாங்க. நீங்க வண்டிக்குள்ள குனிஞ்சுக்கிட்டே போன் போட்டு, 'இந்த வழியா வராதீங்க'ன்னீங்க. நாங்க வேற வழியா போனோம். கேப்டன் உங்களைக் கட்டிப் பிடிச்சு, 'நாளைக்கும் போன் பண்ணுங்க'ன்னார். நான் பஸ்ல இருந்தேன்ணே."

சாவிக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. கேப்டன் கட்டிப்பிடித்தது, மறுநாள் காலையில் அவர் பெருமையோடு போன் போட்டது, அதற்கு மறுநாளும் போட்டது. அந்த அணி போய்விட்டது, கேப்டன்கள் நான்கு பேர் மாறிவிட்டார்கள், போன் மட்டும் நிலைத்துவிட்டது. அவரைப் பொறுத்தவரை அது பை வந்து சேர்ந்த செய்தி. வேறு எதற்காக ஒருவர் "வந்தாச்சு" என்று சொல்வார்?

"அது பை வந்தாச்சுங்கறதுக்காக நான் பண்றது," என்றார்.

கீப்பர் ஸ்டேப்ளரைத் தள்ளி வைத்தார். "ஆமா... பையும்தான்."

கீழே கடையில் யாரோ ஒரு பேட்டரியைத் தரையில் இறக்கும் சத்தம் கேட்டது.

"நீங்க போன் போடற வரைக்கும் பஸ்ல யாரும் பேச மாட்டோம்ணே," என்றார் கீப்பர், மேசையைப் பார்த்தபடி. "போட்டதும் எல்லாருக்கும் ஒரு நிம்மதி. அது என்ன நிம்மதின்னு நான் யோசிச்சதில்ல. சத்தியமா யோசிச்சதில்ல."

சாவி நம்பினார். அதுதான் தொந்தரவு. பொய் சொல்கிறார் என்றால் எழுந்து வந்துவிடலாம்.

"எங்க வண்டிக்கும் ஒரு ஜீப் கேக்க முடியுமா?"

"கேக்கலாம். ஆனா விதிப்படி ஒப்பந்தம் போட்ட வீரர்தான் சங்கத்துல உறுப்பினர். உறுப்பினர் இல்லாதவருக்காகப் பேச சங்கம் யாருன்னு வாரியம் கேக்கும். நீங்க வாரியத்து ஆளு. அவங்ககிட்ட கேட்டுப் பாருங்களேன்."

வாரியத்து மேனேஜரிடம் கேட்டார். "சங்கம்தானே அந்தப் பிரிவை எழுதிச்சு? அவங்ககிட்ட போய்க் கேளு," என்றார் மேனேஜர். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவங்க கேட்ட இருபத்தேழுல நாங்க உடனே சரின்னு சொன்னது அது ஒண்ணுக்குத்தான். அதையும் கெடுத்துடாதப்பா," என்றார்.

ஆக, மூன்று வாரமாக எலியும் பூனையுமாக இருந்த இரண்டு தரப்பும் மனமொத்துச் சம்மதித்த ஒரே விஷயம் சாவி முன்னால் போவது. இதை நினைத்துச் சிரிப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. வீட்டில் சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை.

"போகலைன்னு சொல்லிடுங்க."

"நான் போகலைன்னா வேற ஒருத்தன் போவான்."

"அப்ப போங்க."

"எப்படிப் போறது?"

"அப்ப என்னதான் பண்ணப் போறீங்க?"

"அதைத்தான் உன்கிட்ட கேக்கறேன்."

"நான் லென்ஸ் தேய்க்கறவ. பவர் சொன்னா தேய்ச்சுக் கொடுப்பேன். உங்க கண்ணுக்கு என்ன பவர்னு நீங்கதான் சொல்லணும்."

அடுத்த செவ்வாய்க்கிழமை வாரிய அலுவலகத்தில் கடைசிப் பேச்சுவார்த்தை. நீள மேசை. ஒரு பக்கம் மேனேஜரும் பாதுகாப்பு அதிகாரியும் இன்னும் இரண்டு பேரும். மறுபக்கம் கீப்பர், கேப்டன், தொடக்க ஆட்டக்காரர். சாமான் கணக்கு சொல்வதற்காகச் சாவியையும் கூப்பிட்டுச் சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பிரிவாகப் படித்து, திருத்தி, முணுமுணுத்து, தண்ணீர் குடித்து, மேலே போனார்கள். கண்ணாடிக்கு ஒன்றரை மணி நேரம். ஹோட்டல் மாடிக்கு முக்கால் மணி நேரம். இருபத்து மூன்று வந்தது.

"இதுல ஒண்ணும் பிரச்சினை இல்ல," என்றார் மேனேஜர்.

"ஒண்ணும் இல்ல," என்றார் கேப்டன்.

கீப்பர் மட்டும் ஏழாம் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதுகாப்பு அதிகாரி பேனாவோடு சாவியின் பக்கம் திரும்பினார். "உங்க வண்டிக்கு அந்த ரோட்டுல எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஆகற நேரம் ஆகும் சார்," என்றார் சாவி. "ஆனா நான் போன் பண்ண மாட்டேன்."

அவர் இதைச் சொல்வதாகத் திட்டமிட்டு வரவில்லை. திட்டமிட்டிருந்தால் இன்னும் நன்றாகச் சொல்லியிருப்பார்.

"புரியல," என்றார் அதிகாரி.

"எனக்கும் முழுசாப் புரியல சார். வண்டில போறேன். பையை அடுக்கறேன். போன் மட்டும் வேண்டாம்."

"போன் வரலைன்னா பஸ் கிளம்பாதே," என்றார் மேனேஜர்.

"ஆமா சார். அப்படித்தான் எழுதியிருக்கு."

தொடக்க ஆட்டக்காரர் சிரித்துவிட்டார். "என்னண்ணே, ஒரு போன்தானே? ஒரு வார்த்தை."

"ஒரு வார்த்தைதான் தம்பி. நாளைக்கு நீ முன்னாடி போய்ச் சொல்லு, நான் பஸ்ல உக்காந்து கேட்டுக்கறேன்."

அந்தப் பையன் சிரித்த முகத்தோடே நின்றுவிட்டான். சிரிப்பு எப்போது போனது என்று சொல்ல முடியாது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அங்கே இல்லை.

பிறகு நடந்தது விசித்திரம். மூன்று வாரமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத இரண்டு தரப்பும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சேர்ந்து சாவிக்குப் புத்திமதி சொன்னார்கள். மேனேஜர் சொன்னதற்குக் கேப்டன் தலையாட்டினார். கேப்டன் விட்ட இடத்தில் அதிகாரி தொடர்ந்தார். அப்படி ஓர் ஒற்றுமையை அந்த அறை அதற்கு முன் கண்டதில்லை. சாவி சுவரோரத்தில் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார். பிடிவாதம் என்று அவர்கள் நினைத்தார்கள். உண்மையில் அவர் ஒவ்வொருவர் சொல்வதையும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாமே சரியாகத்தான் பட்டன. ஒரு போன்தான். பல வருடமாகச் செய்ததுதான். யாரும் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லைதான். இவ்வளவு சரிகளையும் கூட்டினால் ஏன் அந்த ஏழாம் பக்கம் வருகிறது என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

"சங்கம் அந்தப் பிரிவை வாபஸ் வாங்குது," என்றார் கீப்பர்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"அது எப்படி?" என்றார் மேனேஜர். "நாங்க ஒத்துக்கிட்டாச்சு. ஒத்துக்கிட்டதை எப்படி வாபஸ் வாங்குவீங்க?"

"நாங்க கேட்டதை நாங்களே வேண்டாம்னு சொல்றோம் சார்."

"இதுல ஏதோ சூட்சுமம் இருக்கு," என்றார் மேனேஜர் அதிகாரியிடம். தான் கொடுத்ததைத் திருப்பி வாங்க அவருக்கு மனம் வரவில்லை. அந்த ஒரு பிரிவுக்கே இன்னும் ஒரு மணி நேரம் ஓடியது. கடைசியில் இப்படி முடிந்தது: சாமான் வண்டி இனி முன்னால் போகாது, பேருந்துக்குப் பின்னால், அதே பாதுகாப்பு வளையத்துக்குள் வரும். அந்த நாட்டுப் போலீஸின் ஜீப் ஒன்று இருபது நிமிடம் முன்னால் போய், வழி சரியாக இருக்கிறது என்று சொல்லும். பைகளை அடுக்கத் தாமதமாவதை வீரர்கள் பொறுத்துக்கொள்வார்கள். கேப்டன் கடைசி வரியில் கையெழுத்துப் போடும்போது, "பொறுத்துக்கணும்னு எழுதியே வாங்கிட்டீங்களே அண்ணே," என்றார். அது கேலியா மனத்தாங்கலா என்று சாவியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வீரர்கள் வாக்கெடுத்தார்கள். போவது என்று முடிவானது. சாவி நான்காம் முறையாகப் பைகளைக் கட்டினார். ஜிப்பும் போட்டார்.

"ஜெயிச்சுட்டீங்க போலிருக்கே," என்றார் எதிர்வீட்டுக்காரர். செய்தி எப்படியோ பரவியிருந்தது.

"அப்படியா?" என்றார் சாவி. அவர் நிஜமாகத்தான் கேட்டார்.

முதல் ஆட்டத்தன்று காலை, அந்த நாட்டு ஹோட்டலின் பின்வாசலில் பேருந்தும் அதற்குப் பின்னால் சாமான் வண்டியும் நின்றன. ஜீப் அப்போதுதான் போயிருந்தது. அதில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்ததைச் சாவி பார்த்தார். முகம் சரியாகத் தெரியவில்லை. வண்டியின் முன்சீட்டில், என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். இந்த நேரத்துக்கு அவர் பாதிப் பைகளைத் திறந்திருப்பார். பேருந்தின் ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. யாரும் பேசவில்லை. அவரும் பேசவில்லை. டிரைவர் ரேடியோவைப் போடக் கை நீட்டியபோது, ஏனென்று தெரியாமல், வேண்டாம் என்று தலையசைத்தார்.

பதினெட்டு நிமிடம் கழித்துப் பாதுகாப்பு அதிகாரியின் போன் ஒலித்தது. அவர் கேட்டார், கையை உயர்த்தினார். பேருந்து உறுமிக்கொண்டு நகர்ந்தது. சாவியின் தோள் இரண்டும் தானாகவே கீழே இறங்கின. அப்பாடா என்று மூச்சு வந்தது. வந்த பிறகு அந்த மூச்சை என்ன செய்வது என்று அவருக்குப் புரியவில்லை. கீப்பர் சொன்ன நிம்மதி இதுதானா? நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததுதான் அவரைப் படுத்தியது.

டிரெஸ்ஸிங் ரூமில் அவர் உள்ளே போகும்போது வீரர்கள் எல்லோரும் செருப்புக் காலோடு, வெறுங்கையோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், வகுப்பில் வாத்தியார் வராத பிள்ளைகள் மாதிரி. அவர் வேலை செய்வதை இதுவரை யாரும் இருந்து பார்த்ததில்லை. கை ஓடவில்லை. முதல் மூன்று சாவியும் தவறான சாவி.

"அண்ணே, டாஸ் போட நேரமாச்சு. இவ்வளவு மெதுவாத்தான் தினமும் அடுக்குவீங்களா?" என்றார் தொடக்க ஆட்டக்காரர்.

"நீ பாக்காம இருந்தா சீக்கிரம் ஆகும் தம்பி. ஜன்னல் பக்கம் திரும்பி உக்காரு."

ஆட்டம் தொடங்கி, அறை காலியான பிறகு சாவி வெளியே வந்தார். பின்பக்க கேட்டுக்கு அருகில் அந்த ஜீப் நிழலில் நின்றது. அதன் மட்கார்டில் சாய்ந்தபடி இரண்டு போலீஸ்காரர்கள். ஒருவருக்கு அவர் வயது இருக்கும், தொப்பியைக் கழற்றி வழுக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாவி நேராக அவர்களிடம் போனார். போய் நின்ற பிறகுதான், சொல்வதற்குத் தன்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தார். நன்றி என்பதா? மன்னிப்பா? ஜாக்கிரதை என்பதா? எதுவானாலும் அவர்கள் பேசும் மொழி இவருக்குத் தெரியாது, இவர் பேசுவது அவர்களுக்குத் தெரியாது.

ஜீப்பைக் காட்டினார். பிறகு ரோட்டைக் காட்டினார். பிறகு காதில் போன் வைப்பதுபோல் கையை வைத்தார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, முன்னால் போவதுபோல் கையை ஆட்டினார்: முன்பு நான், இப்போது நீங்கள். அதை இன்னொரு முறை செய்தும் காட்டினார்.

இருவரும் மிகுந்த அக்கறையோடு பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வயதானவருக்குப் புரிந்துவிட்டது. முகம் மலர்ந்து, தொப்பி இருந்த கையாலேயே கேட்டுக்கு இடதுபுறம் இருந்த கழிப்பறையைக் காட்டினார்.

சாவி இல்லை என்று தலையசைக்கப் பார்த்தார். அதற்குள் இளையவர் நாலு எட்டு கூடவே நடந்து, கதவையே திறந்து காட்டினார். இருவரும் உதவி செய்த திருப்தியில் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேறு வழியில்லாமல் சாவி உள்ளே போனார். குழாயைத் திறந்து, அழுக்கே இல்லாத கையை நன்றாகக் கழுவினார். அவ்வளவு சீக்கிரம் வெளியே போனால் சரியாக இருக்காது என்று தோன்றியதால், இன்னொரு முறையும் கழுவினார்.